ஐந்தாண்டு காத்திருந்தால் 600 ரூபாய்

மாவட்டச் செய்திகளில் ஆண்டுக்குச் சில முறை ஒரே வாசகத்தில் ஓர் அறிவிப்பு வரும். ‘படித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்து காத்திருக்கும் இளைஞர்கள் உதவித்தொகை பெற விண்ணப்பிக்கலாம்’ என்று தொடங்கும். ஆட்சியர் பெயரில் வரும். பக்கத்தின் ஓரத்தில் பத்து வரி. பெரும்பாலோர் தலைப்போடு நிறுத்திக்கொள்வார்கள். பெற்றவர்கள்தான் முழுதாகப் படிப்பார்கள், பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “இதெல்லாம் நமக்கு வராதுப்பா” என்பார்கள். ஏன் வராது என்பதை இந்த வாரம் வரிவரியாகப் பார்ப்போம்.

பத்தாம் வகுப்பு எழுதித் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய். தேறியவருக்கு 300. பிளஸ் டூ முடித்தவருக்கு 400. பட்டதாரிக்கு 600. இது மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும், அதற்குமேல் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. வயது 40க்குள் இருக்க வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மட்டும் 45. அரசிலோ தனியாரிலோ சம்பளம் வாங்கும் எந்த வேலையிலும், சொந்தத் தொழிலிலும் இருக்கக்கூடாது.

தொகையை முதலில் பார்ப்போம். 2025–26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். பத்தாம் வகுப்பு தேறிய ஓர் இளைஞருக்கு அரசு ஒரு மாதம் முழுவதற்கும் தரும் பணம், அவருடைய அம்மா ஏரிக்கரையில் ஒரு நாள் மண் வெட்டினால் அறிவிப்புப்படி கிடைக்க வேண்டிய கூலியைவிடக் குறைவு. பட்டதாரிக்குக் கிடைப்பது இரண்டு நாள் கூலிகூட இல்லை. ஐந்து ஆண்டு காத்திருப்பையும் மூன்று ஆண்டு உதவியையும் சேர்த்து எட்டு ஆண்டுகளாகக் கணக்கிட்டால், பட்டதாரி பெறும் மொத்தத் தொகை 21,600 ரூபாய். மாதத்துக்கு வகுத்தால் 225 ரூபாய்.

இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று கோரிக்கை வைப்பது எளிது. நாமும் வைக்கிறோம். ஆனால், தொகையைவிடப் பெரிய கேடு அந்த ஐந்து ஆண்டுகளில் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 முதல் ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை வருகிறது. நல்ல திட்டங்கள். பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கைநீட்டாமல் படிக்க முடிகிறது என்று சொல்லும் மாணவிகளைக் காலனிதோறும் பார்க்கலாம். அந்த மாணவி கடைசித் தேர்வை எழுதிவிட்டு வெளியே வருகிறார். 1,000 ரூபாய் நிற்கிறது. நின்ற மறுமாதத்திலிருந்து அவருக்கு எதுவும் இல்லை. 21 வயதில் பட்டம் வாங்கி உடனே பதிவு செய்தாலும், 26 வயதில்தான் விண்ணப்பம் எழுதும் தகுதியே வருகிறது. பணம் மிகவும் தேவைப்படும் ஐந்து ஆண்டுகளில் ஒன்றும் கொடுக்காமல், அவர் எப்படியோ ஒரு வழி பார்த்துக்கொண்டோ, மணமாகி ஊர் மாறியோ, நம்பிக்கை இழந்தோ போன பிறகு 600 ரூபாய் தருகிறோம் என்பதுதான் இந்தத் திட்டம்.

ஐந்து ஆண்டு என்ற கணக்குக்கு ஒரு பழைய பொருள் உண்டு. இளைய வாசகர்களுக்கு அது தெரிந்திருக்காது. அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், போர் முடிந்து ஊர் திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித்தர 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான அமைப்பு உருவானது. பிறகு எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 1956இல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. நம் தாத்தா காலத்தில் அந்த அட்டைக்கு மதிப்பு இருந்தது. பதிவு மூப்புப்படி பெயர் அனுப்புவார்கள், தபாலில் கடிதம் வரும், வேலைக்குப் போனவர்கள் உண்டு. சிபாரிசுக்கு ஆள் இல்லாத சேரிப் பையனுக்கு வரிசையில் நிற்க ஓர் இடம் கிடைத்தது. அதனால் ஐந்து ஆண்டு காத்திருப்பது என்றால், எதற்காகவோ காத்திருப்பது என்று பொருள். இன்று அரசு வேலையில் பெரும்பகுதி போட்டித் தேர்வு வழியே போகிறது. வரிசை நகர்வதே அரிது. நகராத வரிசையில் ஐந்து ஆண்டு நின்றதற்குச் சான்று கேட்பது என்ன நியாயம்?

காத்திருப்பைக் குறைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு இதே திட்டத்தில் பதிவுசெய்து ஓராண்டு முடிந்தால் போதும். அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை தருகிறார்கள், தொகையும் 600 முதல் 1,000 வரை. அதே அலுவலகம், அதே எழுத்தர், அதே கணினி. ஒரு பிரிவினருக்கு ஓராண்டு என்று வைக்க முடிந்த அரசு, மற்றவர்களுக்கு ஐந்து என்று வைத்திருப்பது அரசே எடுத்த முடிவு. எடுத்த முடிவை மாற்றலாம்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடகத்தில் 2024 ஜனவரியில் தொடங்கிய யுவநிதித் திட்டத்தில், படிப்பு முடித்து 180 நாட்கள் வேலை கிடைக்காதவருக்கு உதவித்தொகை தொடங்குகிறது. பட்டதாரிக்கு மாதம் 3,000, டிப்ளமோ முடித்தவருக்கு 1,500, இரண்டு ஆண்டுகள் வரை. அங்கும் குறைகள் உண்டு. பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் 180 நாள் எங்கே, ஐந்து ஆண்டு எங்கே?

அடுத்தது, ‘எந்த வேலையிலும் இருக்கக்கூடாது’ என்ற நிபந்தனை. படித்துவிட்டு ஐந்து ஆண்டுகள் வேலைக்கே போகாமல் இருப்பது யாரால் முடியும்? நாலு ஏக்கர் நஞ்சையும் ஒரு பம்பு செட்டும் இருக்கிற வீட்டில் முடியும். அப்பா அரசு ஊழியராக இருந்தால் முடியும். அவர்களுக்கு வருமான வரம்பு இடிக்கும், அது வேறு. நிலமில்லாத தலித் குடும்பத்தில் பட்டம் வாங்கிய மகன் மூன்றாவது வாரமே பெயின்ட் வேலைக்குப் போகிறான், சென்ட்ரிங் அடிக்கப் போகிறான், கோழிப்பண்ணையில் லோடு ஏற்றப் போகிறான். மகள் ஜவுளிக் கடைக்கோ மில்லுக்கோ போகிறாள். போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கூலி நிரந்தரமில்லை. மாதத்தில் பத்து நாள் இருக்கும், இருபது நாள் இருக்காது. ஆனால், உறுதிமொழிப் படிவத்தில் ‘நான் எந்த வேலையிலும் இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். உண்மையை எழுதினால் 300 ரூபாய் போய்விடும். பொய் எழுதினால் மனசு உறுத்தும், பிடிக்காதவன் ஒரு மொட்டை மனு போட்டால் பணமும் போய் மானமும் போகும். ஏழையை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற விதியை எழுதியவர்கள் எவரும் தினக்கூலி வீட்டில் வளர்ந்தவர்களாக இருக்க முடியாது.

72,000 ரூபாய் வரம்பையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் நூறு நாள் வேலையை முழுதாகச் செய்து, அறிவித்த கூலி அப்படியே கிடைத்ததாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 33,600 ரூபாய். மீதி 38,400. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறார்கள், ஆளுக்கு நாள் கூலி 400 என்று வைப்போம். இருவரும் சேர்ந்து 48 நாள் போனால் வரம்பு எட்டிவிடுகிறது. 49ஆவது நாள் வயலில் இறங்கினால், அந்த வீட்டுப் பட்டதாரி சட்டப்படி ஏழை இல்லை. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்ப்பதில்லை, 60,000 என்றோ 70,000 என்றோ போட்டுச் சான்று கொடுத்துவிடுகிறார்கள். அது அவர்களின் இரக்கம், அல்லது அவர்களைப் போய்ப் பார்த்த விதம். இரக்கத்தை நம்பி ஓர் உரிமை இருக்கக்கூடாது.

இதே குடும்பத்து மாணவர் கல்லூரியில் சேரும்போது, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். மகளிர் உரிமைத்தொகைக்கும் இரண்டரை லட்சம். உயர்சாதியில் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று ஒன்றிய அரசு 2019இல் வகுத்த வரம்பு எட்டு லட்சம். மாதம் 66,000 ரூபாய் வருகிற வீடு நலிந்தது. மாதம் 6,100 ரூபாய் வருகிற கூலி வீட்டின் பிள்ளை உதவிக்குத் தகுதி இல்லாதவர். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நடைமுறையில் இருக்கும் அளவுகோல்கள்.

இன்னொரு விலக்கு பலருக்குத் தெரியாது. பொறியியல், மருத்துவம், விவசாயம், கால்நடை, சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்கள் இந்த உதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பொறியாளர் எங்கே வேலையில்லாமல் இருக்கப்போகிறார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி. கல்வி உதவித்தொகையும் முதல் பட்டதாரி சலுகையும் சேர்ந்து எத்தனை தலித் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்குக் கொண்டுபோயின என்பதும், அவர்களில் எத்தனை பேர் இன்று வீடுவீடாக உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறார்கள் என்பதும் நம் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் எதில் எழுதியிருக்கிறது? சட்டத்தில் இல்லை. அரசாணையில். சட்டமன்றத்தில் விவாதித்து, வாக்கெடுத்து, அரசிதழில் வந்த சட்டம் எதுவும் தமிழ்நாட்டில் வேலையில்லாதவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அரசாணையை இன்னோர் அரசாணையால் மாற்றலாம், நிறுத்தலாம், தொகையைப் பத்தாண்டு உயர்த்தாமல் விடலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் எங்கே மேல்முறையீடு, எத்தனை நாளில் முடிவு, தாமதித்தால் யார் பொறுப்பு என்று கேட்கப் பிடிமானம் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலின் 23ஆவது இனமே சமூகப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு, வேலையின்மை பற்றியதுதான். ஒன்றியமும் மாநிலமும் இதில் சட்டம் இயற்றலாம். 41ஆவது பிரிவு, அரசு தன் பொருளாதார வலிமைக்குட்பட்டு வேலைக்கான உரிமையையும் வேலையின்மைக் காலத்தில் பொது உதவிக்கான உரிமையையும் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அதை நீதிமன்றம் போய்க் கேட்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் சட்டமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும் என்கிறோம்.

மகாராஷ்டிரம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியது. 1972 பஞ்சத்தில் தொடங்கிய வேலைத் திட்டத்தை 1977இல் வேலை உறுதிச் சட்டமாக்கியது. நகரத்தில் சம்பளம் வாங்குவோரிடம் தொழில் வரி வாங்கி, அரசு தன் பங்கையும் போட்டு, கிராமத்துக் கூலிக்காரருக்கு வேலை தந்தது. வேலை தராவிட்டால் வேலையில்லாப்படி என்றும் எழுதியது. படி மிகச் சிறிய தொகைதான். ஆனால் ‘தர வேண்டும்’ என்ற சொல் சட்டத்தில் ஏறியது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த வேலை உறுதிச் சட்டத்துக்கு முன்மாதிரி அதுதான்.

அந்த 2005 சட்டத்தின் 7ஆவது பிரிவு என்ன சொன்னது என்பது நூறு நாள் அட்டை வைத்திருந்த பலருக்கும் தெரியாமலே போயிற்று. வேலை கேட்டு மனு கொடுத்த 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும் அதன் பிறகு அரைப் பங்கும் வேலையில்லாப்படியாக மாநில அரசு தர வேண்டும். அப்படி வாங்கியவரை உங்கள் ஊரில் கண்டதுண்டா? மனுவுக்குத் தேதி போட்ட ரசீது கொடுத்தால்தானே 15 நாள் கணக்கு தொடங்கும்! ரசீது கொடுப்பதில்லை. “வேலை வந்தா சொல்லி அனுப்புறோம், போம்மா” என்பதோடு முடிந்துவிடும். 2025 இறுதியில் அந்தச் சட்டத்தின் இடத்தில் 125 நாள் என்று சொல்லும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது, செலவில் மாநிலங்களின் பங்கும் கூடியது. நாள் எண்ணிக்கை எதுவானாலும் ரசீது பிரச்சினை அப்படியே இருக்கும்.

மாநிலம் தன் பங்குக்கு மேலும் போக முடியும் என்பதற்கு ராஜஸ்தான் உதாரணம். 2023 ஜூலையில் அந்தச் சட்டமன்றம் குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் 125 நாள் வேலை, கேட்ட 15 நாளில் தராவிட்டால் வேலையில்லாப்படி, முதியோர் போன்றோருக்கு ஆண்டுதோறும் கூடும் ஓய்வூதியம். சில மாதங்களில் ஆட்சி மாறியது. சட்டத்தை நடத்த விதியும் நிதியும் மனமும் வேண்டும், சட்டம் மட்டும் போதாது. இருந்தாலும் ஆட்சி மாறினால் ஓர் அரசாணையைச் சத்தமில்லாமல் கைவிடலாம், ஒரு சட்டத்தைக் கைவிட அதே அவையில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்பவில்லை. சட்டத்தின் வரையறைக்குள்ளேயே சாதி ஒளிந்துகொள்ள முடியும். இதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேலையில்லாக் காப்பீடும் வந்தது. ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் அதிலிருந்து விலக்கினார்கள். கறுப்பின மக்கள் என்ற சொல் அந்த விலக்கில் இல்லை. தென்மாநிலங்களில் அந்த இரண்டு வேலைகளையும் பெரும்பாலும் செய்தவர்கள் அவர்கள்தான். அந்த வேலைகளில் ஒரு பகுதியையாவது சேர்க்க 1976 வரை ஆனது. நம் ஊரில் இஎஸ்ஐ சந்தாதாரர் வேலை இழந்தால் 90 நாள் வரை ஊதியத்தில் பாதியை உதவியாகத் தர ஒரு திட்டம் 2018 முதல் இருக்கிறது. களையெடுப்பவருக்கும் செங்கல் சூளையில் கல் அறுப்பவருக்கும் இஎஸ்ஐ எங்கே இருக்கிறது? ‘தலித்’ என்று எழுதாமலே தலித்தை வெளியே நிறுத்த இப்படித்தான் முடிகிறது.

ஆகவே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்ற வேண்டிய சட்டத்தில் சில சொற்களைக் கவனமாக எழுத வேண்டும். காத்திருப்பு ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. ‘வேலையில்லாதவர்’ என்பதற்கு, மாதத்தில் இத்தனை நாளுக்குக் குறைவாகக் கூலி கிடைத்தவர் என்று பொருள் சொல்ல வேண்டும், அப்போதுதான் சென்ட்ரிங் வேலைக்குப் பத்து நாள் போனவர் பொய் எழுதாமல் விண்ணப்பிக்க முடியும். வருமான வரம்பு கல்வி உதவித்தொகைக்கு உள்ளதே போதும். தொகையை ரூபாயில் எழுதி உறையவைக்காமல், அறிவிக்கப்படும் நாள் கூலியில் இத்தனை நாள் என்று எழுதலாம். கூலி உயர்ந்தால் உதவியும் தானே உயரும். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கும் பட்டதாரிக்கும் இடையே இப்போதிருக்கும் 200க்கு 600 என்ற ஏணிப்படியையும் யோசிக்க வேண்டும். பசிக்கு மார்க் ஷீட் கிடையாது. மனுவுக்கு அன்றே ரசீது, முடிவுக்கு நாள் கெடு, கெடு தாண்டினால் அபராதம், இவை இல்லாத சட்டம் பழைய அரசாணையின் மறுபதிப்பாகவே இருக்கும்.

‘சும்மா இருக்கிறவனுக்குக் காசு கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவான்’ என்ற பேச்சு வரும். டீக்கடையில் வரும், சட்டமன்றத்திலும் வரும். நூறு நாள் வேலை வந்தபோதும் வந்தது. ‘ஆள் கிடைக்கல’ என்று அன்று யார் சொன்னார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கூலியை உயர்த்திக் கொடுக்காமலே ஆள் கிடைத்துப் பழகியவர்கள் சொன்னார்கள். அவர்கள் கவலை சோம்பேறித்தனம் பற்றியது அன்று. நம் மக்கள் முதல் முறையாக ‘அந்தக் கூலிக்கு வர முடியாது’ என்று சொன்னார்கள். அதுதான் பிடிக்கவில்லை.

வேலையில்லா உதவி தலித்துக்கு ஏன் மற்றவரைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதன் விடை இங்கேதான் இருக்கிறது. கையில் காசில்லாத வீட்டில் வேலை வேண்டாம் என்று மறுக்க முடியாது. சாவுக்குப் பறையடிக்கக் கூப்பிட்டால் பட்டதாரியும் போக வேண்டியிருக்கிறது, மறுத்தால் அப்பாவுக்கு மறுநாள் வயலில் வேலை இருக்காது. செத்த மாட்டைத் தூக்கக் கூப்பிட்டாலும் அப்படித்தான். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்க 500, 1,000 என்று கூப்பிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி இறக்குவதைத் தடைசெய்துவிட்டது. இறங்கி இறந்தால் 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அது நியாயமான தீர்ப்பு. ஆனால் ‘நான் இறங்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வீடு திரும்பும் இளைஞனுக்கு, அந்த மாதம் அரிசி வாங்க இந்த அரசிடம் என்ன இருக்கிறது? ஐந்து ஆண்டு பதிவு இருந்தால் 300 ரூபாய்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் பதிவு செய்திருக்கிறார்கள், செலவு பெரிதுதான். படிப்படியாகத் தொடங்கலாம், முதலில் காத்திருப்பைக் குறைக்கலாம், பிறகு தொகை. ஆனால் ஓர் எச்சரிக்கை. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2011 கணக்கெடுப்பின்படி நாம் மாநிலத்தில் ஐந்தில் ஒருவர். கர்நாடகத்தில் இதுபோன்ற சட்டம் 2013 முதல் இருக்கிறது, ஆனாலும் எல்லோருக்குமான உத்தரவாதத் திட்டங்களுக்கு அந்த நிதியிலிருந்து ஆயிரக்கணக்கான கோடி போனது. பயனாளிகளில் தலித்துகளும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். வேலையில்லா உதவியை விரிவாக்க இங்கும் அந்தக் கை நீளக்கூடாது. சாலையில் தலித்தும் நடக்கிறார் என்பதற்காகச் சாலை போட நம் பங்கை எடுப்பது போன்றதுதான் அது. வேலையில்லாதவர்களுக்கான பொது உதவி பொது நிதியிலிருந்தே வர வேண்டும். செயல்திட்ட நிதி, தலித் இளைஞர்களுக்கு மட்டும் உரிய பயிற்சிக்கும் தொழிலுக்கும் நிலத்துக்கும் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை இருப்பதை விடக்கூடாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்தவர்கள் மதிப்பெண் சான்று வாங்கும்போதே பள்ளியில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை முடித்துவிடுங்கள், பட்டம் வாங்கியதும் அதையும் சேர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்யலாம், கைபேசியிலும் செய்யலாம். புதுப்பிக்கத் தவறினால் பதிவு மூப்பு போய்விடும், அதோடு ஐந்து ஆண்டுக் கணக்கும் போய்விடும். காலனியில் இப்படித் தவறவிட்டவர்கள் நிறைய. வெளியூரில் வேலை செய்யும் அண்ணன், அக்காவின் பதிவை வீட்டில் படிக்கும் தம்பி, தங்கை பார்த்துச் சொல்லலாம். 40 வயது தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினால், 45 வரை நமக்கு உண்டு என்று சொல்லிச் சாதிச் சான்றைக் காட்டுங்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்ற வதந்தியையும் நம்ப வேண்டாம், ரத்தாகாது.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. படித்த பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து போய், வேலையில்லாதோர் உதவிக்குத் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்ற வேண்டும், காத்திருப்பை ஆறு மாதமாக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொடுங்கள். அங்கே நாற்காலியில் யார், தரையில் யார் என்ற சண்டையும் சில ஊர்களில் இருக்கும், அதையும் சேர்த்தே போட வேண்டியிருக்கும். தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகு வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகலையும் கேட்டு வாங்கி, தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.